விருந்தாளிச் செருப்பு

ஜெர்மனியின் பிரெமன் நகரில் என் நண்பன் வோல்க்மார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு நான் தாமதமாகப் போனது அன்றுதான் முதல் தடவை. டிராம் நடுவழியில் நின்றுவிட்டது. வழக்கம்போல ஷூவை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டு மணியடித்தேன்.

கதவைத் திறந்த அவன் மனைவி கெஸீனா சிரித்தாள்.

"என்ன ஹார்ட்விக், எதை மறந்து வச்சிட்டுப் போன?"

"இப்பதானே வர்றேன்."

"போதும் உன் விளையாட்டு."

விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் கம்பளிச் செருப்பில் காலை நுழைத்தேன். யாரோ அப்போதுதான் கழற்றியதுபோலச் செருப்பு கதகதப்பாக இருந்தது. மேசையில் நான் எப்போதும் உட்காரும் இடத்தில் கேக் சாப்பிட்ட தட்டு ஒன்று இருந்தது. உலர்திராட்சையை மட்டும் ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒதுக்குகிறவன் நான் ஒருவன்தான்.

விருந்தாளி கிளம்பினால் ஜன்னலில் நின்று கையசைப்பது அவர்கள் வழக்கம். மகள் இம்கே இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஹார்ட்விக் மாமா டிராம் ஸ்டாப்புலயே நின்னு நம்ம வீட்டையே பாக்குறாரு."

வோல்க்மார் ஜன்னல் வழியாகக் கீழே தெருவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"செருப்பைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்புங்க," என்றான். இருபது வருடமாக என்னை 'நீ' என்று அழைத்தவன்.

கதவைத் திறந்தேன். வாசலில் என் ஷூவைக் காணவில்லை. தெருவில் டிராம் கிளம்பும் சத்தம் கேட்டது.

"மாமா ஏறிட்டாரு," என்றாள் இம்கே.