குனியுறதுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை

கோயில் யானை கோமளத்துக்குத் தன்மேல ஒரே பெருமை. பாகன் ஏற வந்தா முன்னங்காலை மடக்கி அவ்ளோ அழகாக் குனியும்.

"என் மரியாதையைப் பாத்தியா?"ன்னு மதில்மேல இருந்த கிளிகிட்டக் கேட்டுச்சு. கிளி காலேஜ் ஜன்னல்லயே வளந்த வாயாடி.

"மரியாதையா? போக்கா! இங்கிலீஷ்ல இதுக்குப் பேரு 'க்ரௌச்'. கொக்கிக்கான பழைய பிரெஞ்சு வார்த்தையிலேர்ந்து வந்துச்சாம். உன்னைக் குனிய வெக்கிறதும் அங்குசத்துக் கொக்கிதானே? அது இல்லேன்னா குனிவியா?"

"இஷ்டம் இருந்தாத்தான்டி குனிவேன்! இன்னிக்குப் பாகன் அங்குசத்தை வீட்டுலயே மறந்துட்டு வந்திருக்கான். நிமிந்து நின்னு காட்டுறேன், பாரு!"

பாகன் வெறுங்கையோட கிட்ட வந்தான். தொண்டையைச் செருமினான், அவ்ளோதான். கோமளத்தோட முட்டி தானா மடங்கிடுச்சு.

கிளி பாக்காத மாதிரி மூஞ்சியை வேற பக்கம் திருப்பிக்கிச்சு. கோமளத்துக்கு அதுதான் தாங்கலை.