நோயாளிக்குத் தெரியக் கூடாது

கட்டியில் சோதனைக்குச் சதையெடுத்த டாக்டர் லீவு. அன்றிருந்த புது டாக்டர், கிணத்துக்கடவு பஸ்ஸில் வாந்தியெடுத்துத் துவண்டிருந்த பாவாத்தாளை வெளியே உட்காரச் சொன்னார். அவள் கணவர் ஐயாசாமி மட்டும் உள்ளே நின்றார்.

"கழுத்துல இருக்கறது வெறும் நெறிகட்டி இல்லீங்க. கேன்சர். மருந்து ஏத்துனா முடி கொட்டும். ஆனா குணமாக வாய்ப்பிருக்கு."

"ஏனுங்க டாக்டர், அது வந்துங்க..."

"நோயாளிக்கு மட்டும் தெரியக் கூடாது. பயத்துலயே பாதி உசுரு போயிரும். சிரிச்ச மொகமா வெளிய போங்க."

ஐயாசாமி அப்படியே வந்தார்.

"டாக்டரு என்ன சொன்னாருங்க?"

"வெறும் நெறிகட்டிதானாம் அம்மணி."

"நான் பயந்தே போயிட்டேனுங்க" என்ற பாவாத்தாள், அவர் கழுத்தைச் சுற்றியிருந்த துண்டை விலக்கி, கட்டியை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

ஐயாசாமி சிரித்த முகமாகவே நின்றார்.