அறுந்துபோகாத கம்பி

ஒரு வீட்டில் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் ஒரே பிளக் பாயிண்டில் மாட்டியிருந்தார்கள். மூன்றும் சேர்ந்து அதிக மின்சாரம் இழுக்கும்போதெல்லாம் ஃபியூஸிலிருந்த மெல்லிய கம்பி அறுந்து, மின்சாரத்தை நிறுத்தியது. எரிச்சலடைந்த வீட்டுக்காரர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்து, 'இவன்தான் கெட்டிக்காரன்' என்று மெச்சினார்.

மறுபடி மூன்றும் இழுத்தன. சுவருக்குள் ஓடும் வயர் பதறியது.

"அண்ணே, உடம்பெல்லாம் கொதிக்குது. நிறுத்துங்க!"

"நிறுத்துறதா? முன்னாடி இருந்தவன் மாதிரி வேலையைப் போட்டுட்டு ஓடுற ஆளா நான்?" என்றது செம்புக் கம்பி.

"அவன் ஓடலண்ணே, என்னைக் காப்பாத்தத்தான் அறுந்தான். இப்ப என் தோல் உருகுது."

"போடா! வீட்டுக்காரர் கெட்டிக்காரன்னு மெச்சினது உன்னையா, என்னையா?"

வயரின் தோல் உருகித் தீப்பற்றியது. சுவரிலிருந்து புகை கிளம்பி, தீ ஜன்னல் திரையைப் பிடித்தது. அப்போதும் செம்புக் கம்பி கடமையில்தான் இருந்தது.