மாமாவின் பாஸ்வேர்டு

"சீட்டு விளையாடுதாரு. வேற என்ன?" என்றாள் பிளாரன்ஸ், போனை ஸ்பீக்கரில் போட்டபடி.

அந்தப் பக்கம் அவள் கணவன் ஷாம். சரக்குக் கப்பலில் வேலை. நெட் கிடைத்த நேரம் பார்த்து நடுக்கடலிலிருந்து கூப்பிட்டிருந்தான்.

"எங்கப்பாவா? கிறுக்கி மாதிரி பேசாத."

"பின்ன என்னங்க? கம்ப்யூட்டர்ல நான் ஒண்ணையுமே திறக்கல. கிராபிக்ஸ் கார்டு நூறு சதவீதத்துல நிக்குது. ஃபேன் போடுத சத்தத்துல, என்னக்கா எந்நேரமும் மாவா ஆட்டுதியன்னு பக்கத்து வீட்டுல கேக்காங்க."

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிளாரன்ஸ் மணப்பாட்டு வீட்டில் இருந்தபடியே ஒரு கட்டட கம்பெனிக்கு வீட்டு டிசைன் படங்கள் செய்து கொடுப்பவள். ஒரு வாரமாகப் படம் பாதியில் உறைந்து நிற்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அவளும் செய்யாத வைத்தியம் இல்லை. வைரஸ் தேடினாள். டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டாள். பெட்டியைக் கழற்றி, உப்புக்காற்றில் அப்பிக்கிடந்த தூசியை பிரஷ்ஷால் தட்டினாள். காலையில் ஒழுங்காக இருக்கும், மதியம் பழைய குருடி கதவைத் திறடி.

சற்று முன்தான் டாஸ்க் மேனேஜரில் ஆள் அகப்பட்டது. 'மாமா' என்ற கணக்கு பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் வேதமணி நெட்டில் கோயில் திருப்பலிப் பூசை பார்க்கட்டும் என்று இவளே போட்டுக் கொடுத்த கணக்கு.

"பூசை பாக்க எதுக்குங்க பாஸ்வேர்டு? நான் அடுப்படிக்குப் போனா வந்து உக்காருதாரு. திரும்பி வந்தா படக்குன்னு திரையை அணைக்காரு. பேப்பர்ல தினமும் போடுதானே, ஆன்லைன் ரம்மின்னு..."

ஷாம் பெருமூச்சு விட்டான்.

"நம்ம மீன்பிடி வள்ளத்தைப் பாக்காம கப்பலுக்குப் போனா நீ எனக்கு மகனே இல்லன்னாரு. அன்னைக்கு நிறுத்தின பேச்சு. என்னைத் திட்டிட்டு இவரு சூதாடுதாராக்கும்!"

வாசலில் செருப்புச் சத்தம். பிளாரன்ஸ் போனைத் துண்டிக்காமல் அப்படியே மேசையில் கவிழ்த்தாள். ஷாம் குரலைக் கேட்டாலே மாமா வந்த வழியே திரும்பிவிடுவார்.

"மாமா, உங்க பாஸ்வேர்டைக் கொஞ்சம் போடுங்க."

"எதுக்கு?"

"உள்ள எதையோ ஓட விட்டிருக்கீங்க."

"அது எஞ் சோலி."

"என் வேலை போயிரும் மாமா." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வேதமணி அவளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினார்.

திரை முழுக்கக் கடல். அலை புரண்டது. காற்று கோடு கோடாக ஓடியது. உலகத்துக் கப்பல்களையெல்லாம் காட்டும் வரைபடம். நடுவில் சின்னதாக ஓர் அம்புக்குறி. பிளாரன்ஸ் மவுஸை அதன்மேல் வைத்தாள். ஷாம் வேலை பார்க்கும் கப்பலின் பெயர் வந்தது.

"மீன் ஏலக்கூடத்துல ஒரு பய காட்டிக் குடுத்தான்" என்றார் வேதமணி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "அரபிக்கடல்ல மேக்க இருந்து வீசுத கச்சான் காத்து கடுசா இருக்கு."

ரம்மி என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டாள் பிளாரன்ஸ். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேலை நடக்க வேண்டுமே. வரைபடத்தை மூடப்போனாள்.

"மூடிராத, ஏளா!"

"இதனாலதான் மாமா சூடாவுது. பாத்தமா, மூடினமான்னு போனா என்ன?"

"கடலுக்குப் போனவன் கரை ஏறாம, வீட்டு விளக்கை என்னைக்காவது அணைச்சிருக்கமா?"

பிளாரன்ஸ் வரைபடத்தின் செட்டிங்ஸைத் திறந்தாள். அலையையும் காற்றையும் மட்டும் நிறுத்தினாள். அம்புக்குறியை விட்டுவைத்தாள். நூறு மடமடவென்று பத்துக்கு இறங்கியது. ஃபேன் அடங்கியது. அப்பாடா! படம் சாயங்காலத்துக்குள் போய்விடும்.

அந்த அமைதியில் மேசையில் கவிழ்ந்து கிடந்த போன் பேசியது.

"அப்பா..."

வேதமணி திடுக்கிட்டார். ஆனால் எழுந்து போகவில்லை. போனை நிமிர்த்தி வைத்துத் தொண்டையைச் செருமினார்.

"ஏலே, உம் பொண்டாட்டி இங்கன காத்தை நிறுத்திட்டா. இனிமே தினமும் நீதான் சொல்லணும், அங்கன எப்படி வீசுதுன்னு."