டெல்லூரியம்

ஸ்ரீமதி வாழ்க்கைப்பட்டது பூண்டு வாசற்படி ஏறாத சமண வீடு. குளிரூட்டும் வில்லை ஒன்றுக்காக ஆய்வுக்கூடத்தில் டெல்லூரியம் என்ற தனிமத்தை அரைக்கத் தொடங்கியதிலிருந்து அவள் மூச்சில் பூண்டு நாற்றம். அந்தத் தூள் இம்மியளவு உடம்பில் ஏறினாலும் அப்படித்தான், வாரக்கணக்கில் போகாது. வீட்டில் சொல்லிப் பார்த்தாள்.

"வெளியில தின்னுட்டு வந்து கதை விடுறாடா" என்று மாமியார் மகனிடம் சொன்னாள்.

நாற்பத்தோராவது கலவையில் செய்த வில்லைக்கு மின்சாரம் கொடுத்ததும், மேலே விட்ட தண்ணீர்ச் சொட்டு உறைந்தது. அதைப் பொருத்தி, குளிரை நான்கு டிகிரியில் நிறுத்திய சிறு பெட்டியோடு ஸ்ரீமதி வீட்டுக்கு வந்தாள்.

"கரண்ட் போனாலும் பேட்டரில ஓடும் அத்தை. இனிமே உங்க இன்சுலின் கெடாது."

ஊசி நேரம் வந்ததும் மாமியார் பெட்டிக்குள் வைத்திருந்த மருந்தை எடுத்து நீட்டினாள். வழக்கம்போல் ஸ்ரீமதிதான் ஊசி போட்டாள். அவள் குனிந்தபோது இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.