வெயில் படாத சுவர்

பதினான்காயிரத்து முந்நூற்றைம்பது. முதலாளியம்மாவுக்கு அவர் தரவேண்டிய பாக்கி அவ்வளவு.

விடுதியின் நீச்சல்குளத்தைப் பதினோரு வருடமாகத் தேய்க்கிறவர் அவர். போன வருடம் அதே குளத்தின் விளிம்பில் வழுக்கி விழுந்து முட்டி விலகியபோது ஆஸ்பத்திரிக்கு முதலாளியம்மாதான் கட்டினார். கட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவருடைய வீட்டுக்காரி விவரமானவள். குளம் தேய்க்கிற மெஷின் விடுதிக்கு வந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டாள்.

"பாக்கியை மெதுவாவே அடைங்க. அது இருக்கிற வரைக்கும் உங்களை அனுப்ப அவங்களுக்குக் கை வராது."

மெஷின் வந்து மூன்று வாரம். வேறு எங்கோ ஓடிக் கைமாறி வந்தது. தண்ணீருக்கடியில் தானாக ஊர்ந்து தரையைத் தேய்க்கும், சுவரில் ஏறியும் தேய்க்கும். தங்க வந்த பிள்ளைகள் அதற்கு ஆமை என்று பேர் வைத்துவிட்டார்கள். பதினோரு வருடத்தில் அவருக்கு ஒரு பிள்ளையும் பேர் வைத்ததில்லை.

ஓடி முடித்ததும் ஆமையைத் தூக்கி, துண்டால் துடைத்து, நிழலில் வைக்கவேண்டும். அவர்தான் வைக்கவேண்டும்.

"வெயில்ல விட்டுடாதீங்க, வீணாப் போயிடும்" என்பார் முதலாளியம்மா. குடைக்கடியில் உட்கார்ந்துகொண்டு, வெயிலில் நிற்கிற அவரைப் பார்த்துச் சொல்வார்.

ஆனால் வந்த நாளிலிருந்தே ஆமையிடம் ஒரு கோளாறு. தரையில் ஓடும். மூன்று சுவரில் ஏறும். கட்டிடத்தின் நிழல் விழுகிற நாலாவது சுவரில் மட்டும் ஒரு முழம் ஏறிச் சறுக்கிவிடும்.

இன்று காலை மெக்கானிக் வந்தான். வந்ததும் நாற்காலி. தட்டு வைத்த கோப்பையில் டீ. தட்டில் இரண்டு பிஸ்கட்.

அவர் நீளக்கம்புப் பிரஷ்ஷை ஊன்றிக்கொண்டு, பிஸ்கட்டைப் பார்க்காதவர் மாதிரி நின்றார்.

மெக்கானிக் முறுக்கிக் கிடந்த வயரைப் பிரித்துத் தரையில் நீட்டிப் போட்டான். வடிகட்டியைக் கழற்றிக் குழாயடியில் கழுவினான். அதில் சிக்கியிருந்த ஒரு ஹேர்பின்னை, புதையல் எடுத்தவன் மாதிரி முதலாளியம்மாவிடம் தூக்கிக் காட்டினான். ஆமையை மல்லாத்தி உருளைகளைச் சுற்றிப் பார்த்தான். உள்ளே அடைந்த காற்று போகட்டும் என்று தண்ணீரில் அமுக்கிக் குலுக்கிவிட்டான்.

ஆமை போனது. நாலாவது சுவரில் ஒரு முழம் ஏறியது. சறுக்கியது.

"மோட்டாருக்குத் தெம்பு போயிடுச்சும்மா. புதுசுதான் போடணும்."

"எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, போட்டுடுங்க."

முதலாளியம்மா நோட்டைத் தேடவில்லை.

அவரும் வழுக்கித்தான் விழுந்தார். அவருக்கு நோட்டு. இதற்குப் பரவாயில்லை.

வயிறு எரிந்தது. வாய் அவரைக் கேட்டுக்கொண்டு திறக்கவில்லை.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு தம்பி. கோளாறு சுவத்துல."

"சுவத்துக்கு எங்க பெரியவரே மோட்டார் வெச்சிருக்கீங்க?" என்றான் மெக்கானிக்.

முதலாளியம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆமையை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, சட்டையோடு தண்ணீரில் இறங்கினார். அந்தச் சுவரில் இருந்த பாசி கண்ணுக்குத் தெரியாது. கைக்குக்கூடச் சரியாக அகப்படாது. உள்ளங்காலுக்குத் தெரியும். ஒவ்வொரு இடமாகக் காலை ஊன்றிப் பார்த்து, வழுக்கிய இடத்தையெல்லாம் மேலிருந்து கீழாகத் தேய்த்தார். முட்டி கெஞ்சியது. விடவில்லை. தண்ணீர் லேசான பச்சையாகக் கலங்கி, மெல்லத் தெளிந்தது.

கரையேறி, ஆமையை அவரே தண்ணீரில் விட்டார்.

ஒரு முழம் ஏறியது. இரண்டு முழம். அப்புறம் தண்ணீருக்கு மேலே மூக்கை நீட்டி, கரகரவென்று விளிம்பைத் தேய்த்தது.

மெக்கானிக் டீக் கோப்பையைக் கீழே வைத்தான்.

முதலாளியம்மா கை தட்டினார். உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். அவர் பாக்கி எழுதிய பக்கத்தைத் திருப்பி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரே கோடாக இழுத்தார். கோட்டின் கீழே கையெழுத்தும் போட்டார்.

"மோட்டார் விலை இதைவிட மூணு மடங்கு. இனிமே நீங்க எனக்கு ஒண்ணும் தரவேண்டாம்."

"குடுத்துவெச்சவர் நீங்க. எங்க முதலாளிகிட்ட நடக்குமா இது" என்றான் மெக்கானிக். அவன் கண்ணில் பொறாமை இருந்தது. இவ்வளவு நாள் தன் வயிற்றுக்குள் இருந்ததை இன்னொருத்தன் முகத்தில் பார்க்க அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்.

மெஷின் வரப்போகிறது என்று காதில் விழுந்த நாளிலிருந்து அந்த ஒரு சுவரில் அவருடைய பிரஷ் படவில்லை. அது வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. இன்றைக்குச் சும்மா நின்றிருந்தால் போதும். புது மோட்டார் போட்டும் ஏறவில்லை என்று ஒருநாள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள்.

இனி அது தினமும் ஏறும். தினமும் ஏறித் தேய்க்கிற சுவரில் பாசி கட்டாது.

ஆமை இறங்கி, அடுத்த சுவரைப் பார்க்கப் போனது.

முதலாளியம்மா நோட்டை மூடினார். மெக்கானிக்கின் நாற்காலியைக் குடைக்கடியில் இழுத்துப் போட்டு, அதன் ஈரத்தைத் தன் கையாலேயே துண்டால் துடைத்துவிட்டு, அவரைக் கூப்பிட்டார்.

"ஏன் வெயில்ல நிக்கிறீங்க? இப்படி நிழலுக்கு வந்து உக்காருங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."