படத்துக்கு வந்த ஒன்பது பேர்

"ஒன்று அல்ல, இரண்டு அல்ல, மூன்று அல்ல..." என்று முணுமுணுத்தபடி தியேட்டர் இருக்கைகளுக்கு நடுவே நடந்தாள் ஃபர்ஹா. ஆட்களை நேராக எண்ணினால் கண் பட்டுவிடும் என்பது அவர்கள் யூத வழக்கம். மூன்றாவது முறையும் கணக்கு "ஒன்பது அல்ல" என்பதோடு நின்றுவிட்டது.

பெண்களும் பதினாலு பேர் வந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள், ஃபர்ஹாவும்தான்.

"அண்ணி, மணி நாலரை. அஞ்சுக்கெல்லாம் பொழுது சாஞ்சிரும்" என்றான் அவள் கொழுந்தன் எஸ்ரா.

அவள் கணவர் சாசூன் இறந்து அன்றோடு ஒரு வருடம். பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதான் ஜெபம் சொல்லியாக வேண்டும், அதுவும் பொழுது சாய்வதற்குள். பத்து யூத ஆண்கள் கூடாமல் அந்த ஜெபத்தைச் சொல்லவே முடியாது.

ஜப்பானின் கோபே நகரத்து யூதர்களை ஜெப ஆலயத்துக்கு அழைத்தால் ஆளுக்கொரு முதுகுவலி வந்துவிடும். படம் என்றால் மட்டும் முதல் வரிசைக்கு அடித்துப் பிடித்து வருவார்கள். அதைத் தெரிந்துதான் சாசூன் இந்தத் திரைப்பட விழாவைத் தொடங்கினார், அதைத் தெரிந்துதான் ஃபர்ஹாவும் இந்த வருட விழாவை இன்றைக்கு வைத்தாள். ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளாத செலீமும் நாத்தானும்கூட ஒரே பொட்டலத்துப் பேரீச்சம்பழ பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"யோகோஹாமாவிலேர்ந்து மோசே வரேன்னாரே?" என்று எஸ்ராவைக் கேட்டாள் ஃபர்ஹா.

"ரயிலை விட்டுட்டாராம். இப்பத்தான் போன் வந்துச்சு."

ஃபர்ஹா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

புரொஜக்டர் அறையின் சின்ன ஜன்னலில் கிமுராவின் தலை தெரிந்தது. "அம்மா, படத்தை ஆரம்பிக்கட்டுமா?"

"பொறுப்பா!"

"அவனுக்கு என்ன அவசரம்? இன்னைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லையே" என்றான் செலீம். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளி சாயங்காலம் அம்மாவோடு சாப்பிட வேண்டும் என்று தியேட்டர் வேலையையே போட்டுவிட்டு ஓடுகிறவன் கிமுரா. நாற்பது வயதிலும் அம்மா பிள்ளை.

நாத்தான் எழுந்து வந்தான். "என் ஆபீஸ் டைப்பிஸ்ட் யூரி பக்கத்துலதான் இருக்கான். கூப்பிடட்டுமா?"

"அவனுக்கு அப்பா மட்டும்தானே நம்மாளு?" என்றான் எஸ்ரா. "அம்மா நம்மவளா இருந்தாத்தான் பிள்ளை நம்ம பிள்ளை. பத்துல சேர்க்க முடியாது."

"ஒரு நாளைக்குக் கண்ணை மூடிக்கிட்டா என்ன எஸ்ரா?" என்றாள் ஃபர்ஹா.

"அண்ணன் இருந்தா ஒத்துக்குவாரா, சொல்லுங்க அண்ணி?"

ஒத்துக்கொள்ளவே மாட்டார். அது தெரிந்ததால்தான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஊரையே ஒண்ணா உட்கார வச்ச மனுஷனுக்கு ஒரு ஆள் குறையுதே! நான் என்ன செய்வேன்? தெருவுல போறவன் காலைப் பிடிக்கவா?"

செலீம் தன்னையறியாமல் நாத்தானின் தோளில் கை போட்டான். வெளியே வெயில் சுவரின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம்.

புரொஜக்டர் அறைக் கதவு திறந்தது. கிமுரா தடதடவென்று படியிறங்கி வந்தான். சட்டைப்பையிலிருந்து மடித்து வைத்த ஒரு பழைய குல்லாவை எடுத்து, தயங்கித் தயங்கித் தலையில் வைத்துக்கொண்டு எஸ்ராவின் பக்கத்தில் போய் நின்றான்.

எஸ்ரா அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்கு நல்ல மனசு தம்பி. ஆனா எங்க முறை உனக்குத் தெரியாது. யூரியையே வேண்டாம்னுட்டோம். நீ ஜப்பான்காரன்..."

கிமுரா தலை குனிந்து வணங்கினான்.

"ஜப்பான்காரர் எங்கப்பா மட்டும்தான் ஐயா."